மே 5: கோப்பையில் கரையும் வரலாறு

மே 5 வந்துவிட்டால் அமெரிக்க நகரங்களில் ஆட்டம், பாட்டம்! பீர் கம்பெனிகளுக்கோ நல்ல அறுவடை! மெக்சிகோவின் சுதந்திர தினமாம்! இல்லை, தோழர்களே! அந்நாட்டின் சுதந்திர தினம் செப்டம்பர் 16.

அப்படியானால் மே 5 எந்த நாள்? கடன் கொடுத்தவன் பீரங்கியோடு வந்தபோது, ஓர் ஏழை நாடு நெஞ்சு நிமிர்த்தி நின்ற நாள்!

உள்நாட்டுப் போரால் கஜானா காலி. பழங்குடியில் பிறந்த ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரஸ், 1861-ல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை இரண்டாண்டுக்கு நிறுத்திவைத்தார். உடனே பிரிட்டன், ஸ்பெயின், பிரான்சு மூன்றும் படை அனுப்பின. முதல் இரண்டும் பேசித் திரும்பிவிட்டன. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுக்கோ வட்டி போதவில்லை, நாடே வேண்டியிருந்தது!

1862 மே 5. பியூப்லா நகரில், தளபதி சரகோசாவின் வீரர்களோடு பழங்குடி விவசாயிகளும் தோள் சேர்ந்தனர். பிரெஞ்சுப் படை புறமுதுகிட்டது! மறு ஆண்டு அந்நகர் வீழ்ந்தது உண்மை. 1864-ல் மாக்சிமிலியன் என்ற அந்நியன் அரியணை ஏறியதும் உண்மை. ஆனால் 1867-ல் அவன் சுட்டுக்கொல்லப்பட்டான். ஹுவாரஸ் தலைநகர் திரும்பினார்.

கடன் கொடுத்தவன் பணத்தைக் கேட்கலாம், நாட்டைக் கேட்கலாமா? இந்தப் பாடத்தை மதுக்கோப்பையில் கரைய நாம் விடலாமா?