கார்டு கிடைச்சாலும் போதாது!

கோவைப் பக்கம் ஒரு மில்லில் மெஷினை ஓட்டும் மூளை, சீமென்ஸ் எஸ்5 பி.எல்.சி. 1979-ல் வந்த மாடல் வரிசை; என்னைவிட இருபது வயசு மூத்தது! தயாரிப்பை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. ஒரு கார்டு போனால் செகண்ட் ஹேண்டில்தான் தேடணும்.

"கார்டு எப்படியாவது கிடைச்சிருமுங்க தம்பி. உள்ளார இருந்த புரோகிராமுக்கு எங்க போறது?" என்றார் அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன்.

புரோகிராம் நிற்பது ஒரு சின்ன பேட்டரி தயவில். பேட்டரி தீர்ந்து, கரன்ட்டும் போனால் அழிந்துவிடும். தனியாகக் காப்பி இருந்தால் தப்பலாம். அதனால் பவர் ஆனில் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுகிறார்கள். பல்பு மாற்றவே மெயினை அணைக்கச் சொல்லும் என் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை!

"பெட்டியே பிரிக்கல சார்" என்று விற்கும் பவர் சப்ளையையும் நம்பி மாட்ட முடியாது. அதிலுள்ள கெப்பாசிட்டர் சும்மா கிடந்தாலே வருஷப்போக்கில் கெட்டுவிடும். மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேனலுக்கு.

அண்ணனின் பீரோவில் இரண்டு ஸ்பேர் கார்டு, புரோகிராம் காப்பி உள்ள ஒரு பழைய லேப்டாப். அதை இயக்கத் தெரிந்தவர் மில்லில் அவர் ஒருவர்தான். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார்.