லாசரு எழுந்து வரட்டும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் தென்காசிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஆண்களுக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளையடிக்க ஆள் பார்ப்பார்கள். மாடிக் கம்பியில் ஸ்டார் கட்டுவார்கள். சீரியல் பல்பு இழுப்பார்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து குடில் போடுவார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகையன்று கறிக்கடை வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். எல்லாம் தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற வேலை. ஒருநாள், இரண்டு நாளில் முடிந்துவிடுகிற வேலை.

மிச்சமெல்லாம் யார் தலையில்? வீட்டுப் பெண் தலையில்தான். வெள்ளையடித்தவர்கள் போன பிறகு தரையில் காய்ந்து கிடக்கிற சுண்ணாம்புப் புள்ளிகளைச் சுரண்ட வேண்டும். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவு திரித்துச் சலிக்க வேண்டும். முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு எல்லாவற்றையும்விட ஆளை வாட்டுவது முந்திரிக்கொத்து. பயறை வறுத்து, திரித்து, வெல்லப்பாகு ஊற்றி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்துவிட வேண்டும். ஆறினால் உதிர்ந்துபோகும். உள்ளங்கை சிவந்து எரிய எரியத்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் மாவில் முக்கிப் பொரிக்க வேண்டும். பாவூர்சத்திரம் பக்கத்து வீடுகளில் இத்தனைக்கும் நடுவே மடியில் பீடி சுற்றும் சுளகும் இருக்கும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்க அந்தப் பணம் வேண்டுமே. பண்டிகையன்று விடியுமுன் ஆராதனை. வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு “இன்னும் கெளம்பலையா?” என்று சத்தம் போடுகிறவர் போட்டிருக்கும் சட்டைக்கு இஸ்திரி போட்டவளும் அவள்தான்.

குற்றாலத்தை ஒட்டிக் குடியிருப்பதால் எங்களுக்கு இன்னொரு பாடும் உண்டு. அரையாண்டு லீவு விட்டதும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். வரட்டும், சந்தோஷம்தான். வடகிழக்குப் பருவமழையில் அருவியில் தண்ணீர் விழும். மெயினருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டால் ஐந்தருவி, அங்கேயும் தடை என்றால் தடை நீங்குகிறவரை காத்திருந்தாவது குளித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வீட்டுக்காரர் முன்னால் நின்று எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பும்போது வாளி வாளியாக ஈரத்துணி வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டின் பிசுக்கு ஒரு அலசில் போகிறதா? மார்கழி ஈரத்தில் அது காயவும் காயாது. “மைனி, காய்ஞ்ச துண்டு இன்னொண்ணு இருக்கா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். தென்காசியிலிருந்து அருவி ஐந்து கிலோமீட்டர்தான். அந்த லீவு முழுக்க அதில் தலை நனைக்காதவள் அந்த வீட்டில் ஒருத்திதான். வந்தவர்களுக்குச் சோறு வேண்டுமே!

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது, பழக்கமில்லை என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அதே டிசம்பரில் குற்றாலத்துக்கு வரும் ஐயப்ப சாமிமார்களைப் பாருங்கள். வேனை ஓரங்கட்டி, அடுப்புப் பற்றவைத்து, காய் நறுக்கி, சோறு வடித்து, சாப்பிட்ட பாத்திரத்தையும் கழுவி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் ஆலயத்தில் அசன விருந்து வைக்கும் நாளில் ராத்திரி முழுக்க விழித்து, அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறுகிறவர்கள் யார்? எங்கள் வீட்டு ஆண்கள்தான். ஊருக்கே உப்பு, புளி, காரம் பார்த்து ஆக்கிப் போட்டவர், மறுநாள் வீட்டில் கறிக்குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டால், “அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?” என்கிறார். கைக்குத் தெரிந்ததுதான். மனசு வரவில்லை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? சம்பளமில்லாமல் தங்கள் வீட்டுவேலையைச் செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இது வருஷம் முழுமைக்குமான கணக்கு. பலகாரமும் விருந்தாளிகளும் சேர்கிற டிசம்பரில் அந்த 289 எங்கே போய் நிற்கும்? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தது. அவள் வீட்டைத் தாங்கியதால்தான் அவனால் அங்கே நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது என்பதே அதன் நியாயம். சொத்திலே பாதி என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சுளகிலும் துடைப்பத்திலும் பாதி என்று யார் சொல்வது?

இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையில் ஓடிய மார்த்தாள், அவர் காலடியில் உட்கார்ந்து கேட்ட தங்கை மரியாள் பற்றி ஆலயத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டாகிவிட்டது. பற்பல வேலைகளில் கலங்காதே என்று ஒவ்வொரு முறையும் புத்தி சொல்லப்படுவது மார்த்தாளுக்குத்தான். கலங்காமல் உட்கார்ந்தால் அடுப்பை யார் பார்ப்பார்கள் என்று எந்தப் பிரசங்கியாரும் சொன்னதில்லை. யோவான் 12-ஐ எடுத்துப் படியுங்கள். பெத்தானியாவில் விருந்து நடக்கிறது. மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். இயேசு மரணத்திலிருந்து எழுப்பிய அவள் சகோதரன் லாசரு பந்தியில் இருக்கிறான். அதே சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்து, ராத்திரியெல்லாம் வலைபோட்டுக் களைத்து வந்த சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். யாருடைய பிறப்பை இவ்வளவு சிரமப்பட்டுக் கொண்டாடுகிறோமோ, அவருக்கு அடுப்படி கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை.

ஆகவே வீட்டுக்காரர்களே, இந்த வருஷம் டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். எதை யார் செய்வது என்று அன்றைக்கே பிரித்துக்கொள்ளுங்கள். அருவித் துணி முழுவதும் உங்கள் பொறுப்பு. முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்க நீங்களும் வந்து உட்காருங்கள். விருந்தாளிகள் இருக்கிற நாட்களில் ஒருவேளைச் சமையல் உங்களுடையது. மாமியார்மாரே, மகன் துடைப்பம் எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். குருவானவர்களே, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து ஞாயிறுகளில் ஒன்றிலாவது பிரசங்க பீடத்திலிருந்து லாசருவை எழுப்பிவிடுங்கள்.