பட்டா நம் பெயரில், சாவி யாரிடம்?

சென்ற ஆண்டு ஒரு கோணிப்பையில் பதினொரு டேப்லட்கள் வந்து இறங்கின. திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் கொடுத்த நன்கொடை. திரையில் கீறல் இல்லை, பேட்டரி நன்றாகவே நிற்கிறது. ஆனால் எந்தப் பாடச் செயலியை இறக்கப் போனாலும் இந்தச் சாதனத்தில் இயங்காது என்றே வந்தது. ஆண்ட்ராய்டு அவ்வளவு பழையது. தயாரித்தவர்கள் புதுப்பிப்பு அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவற்றோடு உட்கார்ந்தேன். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் லீனியேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. கைவிடப்பட்ட பல டேப்களுக்கு அது மறுவாழ்வு. பதினொன்றில் இரண்டில்தான் அதை ஏற்ற முடிந்தது. ஐந்து டேப்கள், அழித்துவிட்டுத் திறந்தால், முன்பு வைத்திருந்த ஊழியரின் அலுவலகக் கணக்கைக் கேட்கின்றன. தங்கள் பதிவேட்டிலிருந்து நீக்காமலே தானம் செய்திருக்கிறார்கள். மீதி நான்கில் பூட்லோடரைத் திறக்கவே வழியில்லை. கருவியை இயக்கியதும் முதலில் ஓடும் சிறு நிரல் அது. எந்த இயங்குதளத்தை உள்ளே விடலாம் என்று வாசலில் நின்று முடிவு செய்யும். தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத எதையும் விடாது. பக்கத்தில் குந்தியிருந்த எட்டாம் வகுப்புப் பையன், "பூட்டு லோடராக்கா?" என்றான். நான் திருத்தவில்லை.

இத்தனைக்கும் ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல். 1992இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஜிபிஎல் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் பெறுகிறவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளையும் கொடுத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. பொதுவில் இருப்பதை ஒருவன் வேலி போட்டுத் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இப்படியொரு நிபந்தனை புதிதல்ல. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே மண்ணிலிருந்து ஒன்று எழுதப்பட்டது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த உத்தரவில்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்தான் கைமாற வேண்டும். நிபந்தனை அருமையானது. நிலம் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்கு 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

நிலத்தையும் டேப்பையும் ஒரே தராசில் வைக்கிறாளே என்று தோழர்கள் கோபப்படலாம். அங்கே போனது உயிர். இங்கே போவது பிள்ளைகளின் மாலை நேரம். நான் பார்ப்பது ஏமாற்று நடந்த விதத்தை. உரிமை தாளில் நமக்கு, வேலியின் சாவி இன்னொருவரிடம். டிவோ என்ற அமெரிக்க நிறுவனம் தன் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியில் லினக்ஸைப் போட்டது. மூலநிரலையும் சட்டப்படி கொடுத்தது. அதை மாற்றித் திரும்ப ஏற்றினால் மட்டும் கருவி ஓடாது! இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2007இல் ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வந்தது. வீட்டுக் கருவிகளில் மாற்றிய நிரலை ஏற்றத் தேவையான தகவலையும் சாவியையும் சேர்த்தே கொடு என்றது. டோர்வால்ட்ஸ் ஏற்கவில்லை. கருவி செய்பவரின் முடிவில் உரிமம் தலையிடக் கூடாது என்பது அவர் கட்சி. கர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. எங்கள் நான்கு டேப்களும் அந்த ஓட்டை வழியாக வந்தவை.

ஓடுகிற இரண்டைக் கையில் கொடுத்தபோது எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. ஒரு பையனின் அம்மா கேட்டார்: "ஏம்மா, ஓசியில வந்த பொருள்ல ஓசி சாமானையா போட்டுக் குடுக்குற?" நியாயமான கேள்வி. தனியார் பள்ளிப் பிள்ளைக்குப் புது ஐபேட், காலனிப் பிள்ளைக்குக் கழித்துப்போட்டதில் கட்டற்ற மென்பொருள் என்றால் அதற்குப் பெயர் விடுதலையா? புதிய கருவி கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. ஆனால் புதியதும் பூட்டோடு வந்தால் நான்கைந்து ஆண்டுகளில் அதே கோணிப்பைதான்.

அரசு நினைத்தால் நடக்காதா என்ன? தலித் சமூகத்திலிருந்து வந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனத்தின் கணினிகளைச் சூஸ் லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். (அவருடைய சாதிச் சான்றிதழ் போலி என்று 2010இல் பணியிடை நீக்கம் செய்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது தனிக் கதை.) மக்கள் வரிப்பணத்தில் டேப்பும் மடிக்கணினியும் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் இரண்டு வரிகள் சேர்க்கச் சொல்லுவோம்: பூட்லோடரைத் திறக்கும் வழியைத் தர வேண்டும், கர்னலின் மூலநிரலைத் தர வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிற அரசு கேட்டால் எந்தக் கம்பெனி மறுக்கும்? பழைய கருவிகளைத் தானம் செய்யும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் இதை வாசித்தால், கொடுப்பதற்கு முன் உங்கள் பதிவேட்டிலிருந்து அவற்றை விடுவித்துவிட்டுக் கொடுங்கள்.

இரண்டு டேப்களிலும் கிவிக்ஸ் போட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வைத்திருக்கிறோம். இணையம் இல்லாமலே ஓடுகிறது. பூட்டு லோடர் பையன் முதலில் தேடியது தன் ஊர்ப் பெயரை. இல்லை. இப்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். ஏரியின் பெயரில் தாத்தாவோடு இன்னும் தகராறு முடியவில்லை. மீதி ஒன்பதும் கோணிப்பையில் இருக்கின்றன.