பழைய காருக்கும் கணக்கு உண்டு

நம்மிடம் ஒரு அம்பாசடர் கார் இருக்கிறது. 2007-இல் வாங்கிய டீசல் வண்டி. கொள்முதலுக்கு விருதுநகர், தேனி என்று போய் வரவும், வசூலுக்குப் போகவும், வீட்டு விசேஷங்களுக்கும் இதுதான். 2014 மே மாதத்தோடு இந்தக் காரைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. பிள்ளைகள் "அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்குங்கள்" என்று சொல்லாத மாதமில்லை. 2022-இல் பதினைந்து ஆண்டு முடிந்தபோதும் விற்க மனம் வராமல், எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டோம்.

சென்ற ஆடி மாதம், வியாபாரம் மந்தமாக இருந்த ஒரு பிற்பகல், கீழமாசி வீதியிலிருந்து கிளம்பித் தெற்குவெளி வீதி சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தோம். பின்னால் எண்ணெய் டின் ஏற்றி வந்த ஒரு குட்டி யானை பிரேக் பிடிக்காமல் வந்து இடித்தது. பின் பம்பர் உள்ளே போய், டிக்கி கதவு நடுவில் மடங்கி, இடது பின் மட்கார்டு கசங்கி, இரண்டு விளக்குகளும் உடைந்து போயின. ஆளுக்கு அடி இல்லை. அது வரையில் கடவுள் காப்பாற்றினார்.

சிறிது நேரத்தில் கூட்டம் கூடியது. "பழைய வண்டி, பிரேக் லைட் எரிஞ்சிருக்காது" என்று ஒருவர் ஆரம்பித்தார். கார் பழசு என்றால் குற்றம் நம் பக்கம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விளக்கு உடைந்து கிடக்கும்போது எரிந்ததா இல்லையா என்று எதைக் காட்டுவது? நல்ல வேளையாகப் பக்கத்துக் கடைக் கேமராவில் நம் வண்டியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. வியாபாரிகள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் போதிய இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே உள்ளது, 2017-இல் வந்த விதிகளிலும் உள்ளது. ஆகையால் பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் பெரும்பாலும் பொறுப்பு வரும். ஆனால் எப்போதும் அப்படியே என்று நினைத்துவிடக் கூடாது. கோவையில் 2017-இல் நடந்த ஒரு விபத்து வழக்கில், நெடுஞ்சாலையில் முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று காரை நிறுத்தியவர் மீதும் பொறுப்பு உண்டு என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின் விளக்கு பல்பு மாற்ற ஐம்பது ரூபாய்க்கு யோசிக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

வண்டியை ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். "ஐயா, முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். முதலாளி நம்பரை வாங்கிப் பேசினால், அவர் நம்மிடமே பருப்பு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர். "அண்ணாச்சி, உங்க வண்டியா? தெரியாமப் போச்சே" என்று பதறினார். இன்சூரன்ஸ் நகல் அனுப்பும்படி கேட்டோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு மெல்லச் சொன்னார், பாலிசி முடிந்து நாற்பது நாளாகிவிட்டது என்று.

இடித்த வண்டிக்குப் பாலிசி இருந்திருந்தால் நம் சேதத்துக்கு அந்தக் கம்பெனி பொறுப்பு. மூன்றாம் நபர் பாலிசியில் பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாக 7,50,000 ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. பிரீமியத்தில் சிறிது மிச்சம் பிடிக்க அதை வெறும் 6,000 ஆகக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். நம் கடை லோடு வண்டிகளின் பாலிசியில் எந்தத் தொகை போட்டிருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருப்போம்? ஆனால் அந்தப் பணம் கேட்டவுடன் வராது. போலீஸ் புகார், வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், வக்கீல் என்று நடக்க வேண்டும். முப்பதாயிரம் ரூபாய்ச் சேதத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு யார் வாய்தாவுக்கு அலைவார்? இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் எல்லோரும் நடு ரோட்டில் ஐந்நூறு, ஆயிரம் என்று பேசி முடிக்கிறார்கள். சிறு சொத்துச் சேதத்தை இரண்டு கம்பெனிகளும் தங்களுக்குள் பேசித் தீர்த்து, பாதிக்கப்பட்டவருக்கு நேரே பணம் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது நம் உறுதியான அபிப்பிராயம். பெயர் மூன்றாம் நபர் காப்பீடு. சிறு சேதமடைந்த மூன்றாம் நபருக்கோ அது ஏட்டுச் சுரைக்காய்.

போலீசில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரருக்கு ஆபத்து. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாம் எழுதிக் கொடுக்கவில்லை. நம் சொந்தப் பாலிசியில் கிளெய்ம் கேட்பது என்று முடிவு செய்தோம்.

உடனே ஆளுக்கு ஆள் அறிவுரை சொன்னார்கள். "கிளெய்ம் எடுக்காதீர்கள், 50 சதவீத போனஸ் போய்விடும்" என்பதுதான் எல்லோர் வாயிலும். நாமும் முதலில் தயங்கினோம். பிறகு சிட்டையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் காரின் சொந்தச் சேதப் பகுதிக்குப் பிரீமியம் வரி நீங்கலாகச் சுமார் 1,000 ரூபாய். அதில் பாதி 500 தள்ளுபடி. கிளெய்ம் எடுத்தால் அடுத்த புதுப்பித்தலில் தள்ளுபடி இல்லை. அதற்கடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45 சதவீதம் என்று ஏறி மறுபடி 50-க்கு வரும். இந்த ஐந்து ஆண்டுகளில் நமக்கு நஷ்டம் 500, 300, 250, 150, 50. கூட்டினால் 1,250 ரூபாய்! இதற்காக இருபதாயிரம் ரூபாய்க் கிளெய்மை விடுவதா? போனஸைக் காப்பாற்று என்பது இருபதாயிரம், முப்பதாயிரம் பிரீமியம் கட்டும் புதுக் கார்க்காரருக்கான புத்திமதி. பழைய கார்க்காரர் அதைக் கேட்டு நடந்தால் கை நஷ்டம்தான்.

பழைய காருக்கு வெட்டு விழுவது வேறு இடத்தில். பத்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு இரும்பு, தகடு பாகங்களின் விலையில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வண்டி புதிதானாலும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட் விலை என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். டிங்கரிங் கூலிக்குத் தேய்மானம் கிடையாது. கடைசியில் 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். தேய்மானம் இல்லாமல் முழுத் தொகை தரும் பாலிசி என்று விளம்பரம் செய்கிறார்களே, அது இவ்வளவு பழைய வண்டிக்குக் கிடைக்காது.

இதெல்லாம் ஓரளவு நமக்குத் தெரிந்ததுதான். தெரியாத குழி இன்னொன்று இருந்தது. அது நாமே வெட்டிக்கொண்டது.

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும். வண்டி முழுவதும் போனால் கம்பெனி தர ஒப்புக்கொண்ட மதிப்பு அது. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு அதை நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். முன்பு நம் காருக்கு 70,000 என்று இருந்தது. "பழைய கார்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு" என்று போன முறை நாமே 30,000 ஆகக் குறைக்கச் சொன்னோம். அதனால் மிச்சமானது வரி நீங்கலாக 680 ரூபாய். மூன்றாம் நபர் பிரீமியம் இதனால் ஒரு பைசா குறைவதில்லை. 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை உள்ள காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த 3,416 ரூபாயை எந்த மதிப்புக்கும் கட்டித்தான் ஆக வேண்டும்.

பட்டறைக்காரர் முதலில் கொடுத்த எஸ்டிமேட் 37,000. புது டிக்கி கதவு, பம்பர் முதலிய தகடு பாகங்கள் 16,000, விளக்கு, பீடிங் 2,000, கூலி 11,000, பெயின்டிங் 8,000. கழிவெல்லாம் போகக் கம்பெனி தர வேண்டியது 26,000 என்று வந்தது. சர்வேயர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது டோட்டல் லாஸ் கணக்கில் போகும்" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் ஓடித்தான் பட்டறைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் கல் போல இருக்கிறது. டிக்கி மடங்கியதற்குக் கார் முழுவதும் போயிற்று என்றால் என்ன நியாயம்?

நியாயம் பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. ரிப்பேருக்குப் பாலிசிப்படி தர வேண்டிய தொகை ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டம். 30,000-க்கு 75 சதவீதம் 22,500. நம் 26,000 அதைத் தாண்டிவிட்டது. 70,000 என்றே விட்டிருந்தால் எல்லை 52,500, பேச்சே எழுந்திருக்காது. முழு நஷ்டம் என்று எழுதினால் 30,000-இல் கட்டாயக் கழிவு 1,000 போகும். காரை நாமே வைத்துக்கொண்டால் உடைசல் மதிப்பையும் கழிப்பார்கள். அவர் சொன்ன உடைசல் மதிப்பு 16,000. ஆகக் கையில் வருவது 13,000, ரிப்பேர் முழுவதும் நம் செலவு. 680 ரூபாய்க்கு ஆசைப்பட்ட லாபம் இது. கடையில் ஒரு மூட்டைக்கு இப்படிக் கணக்கெழுதிய குமாஸ்தாவை நாம் சும்மா விட்டிருப்போமா?

சர்வேயர் நல்ல மனிதர். "புதுக் கதவு வேண்டாம், இதையே தட்டி எடுக்க முடியுமா என்று கேளுங்கள்" என்று வழி காட்டினார். நம் டிங்கர் பழைய கை, அம்பாசடர் தகட்டின் கனம் தெரிந்தவர். தட்டி எடுத்துவிடலாம் என்றார். தகடு பாகம் 6,000 ஆகக் குறைந்தது. இரண்டாவது எஸ்டிமேட் 27,000, கழிவு போக 21,000, எல்லைக்குள் வந்துவிட்டது. கூலியில் சர்வேயர் 2,500 வெட்டினார். அதற்கு நாம் சண்டை போடவில்லை. கையில் வந்தது 18,500, நம் பங்கு 8,500. சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்ற விடாமல், இடித்த இடத்திலேயே படம் எடுத்து அன்றே கம்பெனிக்குத் தெரிவித்திருந்ததால் இவ்வளவாவது நடந்தது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவு மலிவாகக் கிடைக்கும் என்றும் சிலர் சொன்னார்கள். கிடைக்கும், ஆனால் முறையான பில் இல்லாத சாமானுக்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது.

கம்பெனி அநியாயமாக மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் தக்க பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். நமக்கு அந்த அவசியம் ஏற்படவில்லை.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. பட்டறை பில்லில் உள்ள வரியைக் கடைக் கணக்கில் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம் என்று நம் கணக்குப்பிள்ளை ஆசைப்பட்டார். ஆட்கள் போகும் காருக்கு ரிப்பேர், இன்சூரன்ஸ் இரண்டுக்கும் அது கிடையாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு உண்டு. இணக்க வரியில் இருப்பவர்களுக்கு எதற்குமே இல்லை.

இனி அந்தக் கடைக்காரர் விஷயம். கம்பெனி கொடுத்தது போக மீதி 8,500-ஐ அவர் பேரில் பற்று எழுதினோம். மூன்று வாரத்தில் தீர்த்துவிட்டார். பையனையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இடித்த மறுநாளே பாலிசி போட்டு நகலைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினார். ஆனால் அந்த நாற்பது நாளில் நம் காருக்குப் பதில் ஒரு சைக்கிள்காரர் நின்றிருந்தால்? தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதும் அவர் தலையில்தான். இருபது ஆண்டு நடத்திய கடையும் வீடும் அதில் போயிருக்கும். "காலாண்டு டாக்ஸ் கட்டினேன், இதை மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றார். நாம் அன்று போலீசுக்குப் போகாதது அவருக்குச் செய்த உதவியா, தவறா என்று நமக்கு இன்றும் தெளிவில்லை. நம் வாடிக்கைக்காரராக இல்லாமல் முகம் தெரியாதவராக இருந்திருந்தால் விட்டிருப்போமா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

அவரைச் சொல்லிவிட்டு நம் கடையின் இரண்டு லோடு வண்டிகளின் காகிதங்களையும் எடுத்துப் பார்த்தோம். ஒன்றுக்குப் பாலிசி முடிய ஆறு நாள்தான் இருந்தது. யாருக்கும் ஞாபகம் இல்லை. அங்கத்தினர் வண்டிகளின் பாலிசி, எஃப்.சி. முடியும் தேதிகளைச் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்து, பத்து நாள் முன்னதாகப் போன் செய்து சொல்லும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். சந்தா வசூலுக்குப் போன் செய்கிறவர்களுக்கு இது ஒரு பாரமில்லை.

கார் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கியை இரண்டு தரம் அடித்துச் சாத்த வேண்டியிருக்கிறது, புதுப் பெயின்டும் பழைய வெள்ளையோடு ஒட்டவில்லை. மாசியில் பாலிசி புதுப்பிக்க வேண்டும். ஐ.டி.வி.யை மறுபடி 70,000 என்று போடக் கேட்டிருக்கிறோம். குறைக்கச் சொன்னபோது மறு பேச்சில்லாமல் குறைத்த ஏஜெண்ட், ஏற்றுவதற்கு வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். வந்து பார்க்கட்டும்.