துருவுக்குள்ளே ஒரு ஷெஃபீல்டு!

பழைய சாமான் கடையில மடக்குற சவரக்கத்தி ஒண்ணு கண்ணுல மாட்டுச்சா பாஸ்? அவசரப்பட்டு பேரம் பேசாதீங்க. முதல்ல முத்திரையைப் பாருங்க. 'ஷெஃபீல்டு'ன்னா இங்கிலாந்து, 'ஸோலிங்கன்'னா ஜெர்மனி. ரெண்டுமே கத்திக்குப் பேர்போன ஊருங்க. முதுகுப் பக்கம் துரு இருந்தா பரவாயில்லை. வெட்டும் ஓரத்துல குழியோ, மயிரிழை விரிசலோ தெரிஞ்சா... நைஸா எஸ்கேப்!

வாங்கியாச்சா? முதல் வேலை, ஓரத்துக்கு டேப் ஒட்டுறது. இல்லேன்னா விரல் காலி! துரு மேல எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊறவிடுங்க. அப்புறம் 600, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால பொறுமையா தேய்க்கணும்.

'மெஷின்ல பாலீஷ் போட்டா சீக்கிரம் முடியுமே'ன்னு கை அரிக்கும். அங்கேதான் ஆபத்து! மெல்லிய ஓரம் நொடியில சூடேறிடும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினா எஃகு பதம் இழந்துடும். அப்புறம் என்ன தீட்டினாலும் கூர் நிக்காது. யாரோ ஒரு தொழிலாளியோட உழைப்பு, பத்தே செகண்டுல அவுட்!

தீட்டும்போது முதுகும் ஓரமும் சேர்ந்தே கல்லுல படணும். 1000 நம்பர் கல்லுல ஆரம்பிச்சு 8000 வரைக்கும் போங்க. கடைசியா தோல் வார்ல, முதுகு முன்னே போற மாதிரி இழுங்க.

முகத்துல வைக்கிறதுக்கு முன்னாடி கிருமிநாசினி கட்டாயம். ரூம்மேட் கேட்டாலும் இரவல் தராதீங்க. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியேயும் 7 நாள் தாக்குப்பிடிக்கும்!

சில கறுப்புத் தழும்பு மட்டும் போகவே போகாது. விட்டுடுங்க... அது கத்தியோட வயசு!