யந்திரத்துக்கு ஒரு சபை

தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. கட்டைகளில் நிலைத்துவிட்ட ஸ்வரங்களைக் கொண்டு ஜாருவையும் கமகத்தையும் காட்ட இயலாது என்பதே அன்றைய விமரிசகர்களின் பிரதான ஆட்சேபம். அத்தடை 1971-இல்தான் தளரத் தொடங்கியது. அதே தில்லியில், கால் நூற்றாண்டு கழித்து 1997-இல், கௌரவ் ரெய்னா, தபன் ராஜ் என்னும் இரு இளைஞர்கள், கட்டைகளும் கணினியுமே பிரதான வாத்தியமாக, 'மிடிவல் பண்டிட்ஸ்' என்ற பெயரில் இந்துஸ்தானி சங்கீதத்தின் சாயலோடு இசை அமைக்கத் துணிந்தார்கள்.

யந்திரத்தின் குறை இதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருந்தது. சிந்தசைசரில் ஸ்வரத்தை வளைக்க வழி உண்டு. வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று இணங்கிப் பேசுவதற்கான மிடி என்ற பொது ஏற்பாடு 1983-இலேயே வந்துவிட்டபடியால், ஒரு வாத்தியக் கோஷ்டி செய்யவேண்டிய வேலையை ஓர் அறையில் அமர்ந்து இருவரே செய்துவிடலாம். ஆயினும் கருவி கைக்கு வந்துவிட்டால் மட்டும் ஒரு கலை வளர்ந்துவிடாது. பம்பாய்ப் படவுலகின் வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது கேட்பாரற்றுக் கிடந்து, 2010-இல் மறுபதிப்பான பிறகே உலகத்தின் வியப்புக்கு உரியதாயிற்று. அவருக்கு இல்லாமற்போனது திறமையன்று, தம் இசைக்கென்று கூடும் ஒரு சபையே.

லண்டனில் 1981-இல் சந்தித்த நீல் டென்னன்ட், கிரிஸ் லோ என்னும் 'பெட் ஷாப் பாய்ஸ்' என்ற யந்திர இசைக் குழுவின் இருவருக்கோ அச்சபை முன்னமே ஆயத்தமாயிருந்தது. வாராந்தரத் தரவரிசையும், வானொலியும், பாட்டுக்கென்றே நடந்த பத்திரிகைகளும் அங்கே இருந்தன. டென்னன்ட் தாமே அத்தகைய பத்திரிகை ஒன்றின் உதவி ஆசிரியர். அவர்களுடைய பாட்டு 1986-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றதற்குத் திரைப்படம் எதுவும் தேவைப்படவில்லை.

தில்லி இருவர் இல்லாத சபையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். 'சைபர் மெஹ்ஃபில்' என்று அவர்கள் நடத்திய இரவுக் கூட்டங்களில் பண்டிதர்களின் மெஹ்ஃபில் என்னும் சங்கீதக் கூடுகையும் நடன அரங்கும் ஒன்றாயின. அஜய் பிரசன்னாவின் புல்லாங்குழல் போன்ற உயிருள்ள நாதத்தை யந்திரத்தோடு சேர்த்துக்கொண்டதால், ஆர்மோனியத்தைக் குறித்து எழுந்த பழைய ஆட்சேபத்துக்கு அவர்கள் வாதத்தால் அன்றி வாசிப்பால் விடை கூறினார்கள். தில்லிக் கல்யாணம் ஒன்றைச் சித்திரித்து 2001-இல் வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்ற மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' படத்தில் அவர்களுடைய இசை இடம் பெற்றது. 2002-இல் சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் டிகிரீஸ் நிறுவனம் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 2010-இல் 'கார்த்திக் காலிங் கார்த்திக்' படத்துக்குக் இசைக்கலைஞர் கர்ஷ் காலேயுடன் பின்னணி அமைத்தபோது, அவர்கள் தங்களுக்கென்று ஒரு பெயரை ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னையின் சரித்திரம் வேறு. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியைத் துணைக்கொண்டதும், 1992-இல் 'ரோஜா'வோடு ரஹ்மான் தோன்றியதும் யந்திர இசையில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதற்குச் சான்று. ஆனால் நம்மிடம் அந்த ஆற்றல் அநேகமாக முழுவதும் கதைக்கும் காட்சிக்கும் பணிபுரியவே போய்ச் சேர்ந்தது. படவுலகு இல்லாத தில்லியில், பிழைப்புக்கு வழி குறைவாயிருந்தது உண்மையே. அக்குறைவே சுதந்திரத்துக்கு இடம் தந்தது என்பது என் அபிப்பிராயம்.

இவ்விசை நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கேளிக்கை மட்டுமே என்று சிலர் ஒதுக்கக்கூடும். அவ்வாட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் செல்வர் ஆதரவில் வேரூன்றி, பின்பு பரவிய கலைகளை நாம் அறிவோம். நம் சங்கீத சபாக்களே அதற்கு உதாரணம். மார்கழி முழுவதும் மேடை அமைக்கும் அச்சபாக்கள், படத்துக்கென்று அல்லாமல் இசைக்கென்றே யந்திரத்தைக் கையாளும் நம் இளைஞர்களுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குமானால், சம்பிரதாயத்துக்கு நஷ்டம் ஏதும் வராது. இன்னொரு சரண்ஜித் சிங் இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்கவும் நேராது.