தாம்பரத்திலிருந்து மாட்ரிட் போக லண்டன் எதற்கு?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் தமிழ்வழியில் படித்த ஒரு பையன் ஸ்பானிஷ் கற்க ஆசைப்பட்டால் கிடைக்கும் முதல் அறிவுரை: 'முதல்ல இங்கிலீஷை சரி பண்ணிக்கோ.' செயலியானாலும் வகுப்பானாலும் பெரும்பாலும் பாடம் ஆங்கிலத்தில்தான். எங்கள் ஐடி துறையில் இதை யாரும் கேள்விகூடக் கேட்பதில்லை. எனக்கு இது சுத்த அபத்தமாகப் படுகிறது.

'மே துவேலே லா கபேசா.' மே என்றால் எனக்கு, துவேலே வலிக்கிறது, லா கபேசா தலை. எனக்குத் தலை வலிக்கிறது. அவ்வளவுதான். 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும். ஆங்கிலத்தில் 'ஐ லைக் காபி' என்று 'நான்' எழுவாயாகிவிடுவதால், ஆங்கிலவழிப் பாடம் இதற்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கி, 'காபி எனக்கு இன்பமளிக்கிறது' என்று சுற்றி வளைத்து விளக்குகிறது. நாம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து புழங்கும் நான்காம் வேற்றுமையை நமக்கே விநோதமாக்கிக் காட்டுகிறார்கள். அதற்குக் கட்டணம் வேறு.

இன்னொன்று. 'புஸ்கோ காசா': வீடு தேடுகிறேன். பெருங்களத்தூரில் வாடகைக்கு அலைகிறவர் சொல்வது. 'புஸ்கோ ஆ மி எர்மானோ': என் தம்பியைத் தேடுகிறேன். (அண்ணனாகவும் இருக்கலாம், ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்.) தேடப்படுவது குறிப்பிட்ட ஓர் ஆள் என்பதால் நடுவில் 'ஆ' வந்துவிட்டது. நாமும் 'வீடு தேடுகிறேன்' என்போம், 'தம்பி தேடுகிறேன்' என்று சொல்லவே மாட்டோம், 'ஐ' வேண்டும். இதைவிட அழகு 'புஸ்கோ நோபியா'. பொண்ணு தேடறேன். இன்னார் என்று முடிவாகவில்லை, அதனால் அங்கே 'ஆ' இல்லை, இங்கே 'ஐ' இல்லை. ஆள் முடிவாகி, அவளைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டால் 'புஸ்கோ ஆ மி நோபியா', என் காதலியைத் தேடுகிறேன். ஆங்கிலத்தில் இந்த உருபும் கிடையாது, இந்த நுணுக்கமும் கிடையாது.

எல்லாம் பொருந்திவிடாது. 'அந்த வீட்டைத் தேடுகிறேன்' என்று நாம் 'ஐ' போடும் இடத்தில் அவர்கள் 'ஆ' போடுவதில்லை. பசிக்கிறது என்பதற்குப் 'பசி வைத்திருக்கிறேன்' என்பார்கள். மேசை அவர்களுக்குப் பெண்பால். அதில் மட்டும் ஆங்கிலம் கைகொடுத்துவிடுமா என்ன? மேசை என்ற சொல்லாவது போர்ச்சுகீசியர் வழியாக நம் வீட்டுக்கு வந்து பல காலமாகிறது. ஸ்பானிஷிலும் அது 'மேசா'தான்.

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த அண்ட்ரிக் அடிகளார், 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர், தமிழ் இலக்கணத்தைப் போர்ச்சுகீசிய மொழியில்தான் எழுதினார். தனக்குத் தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்கு நேராக ஒரு பாதை. நம்மூர் '30 நாட்களில் இந்தி' வகைப் புத்தகங்கள் செய்ததும் அதையேதான். நாம் அவற்றைக் கேலி செய்தோம்.

'அகராதி, பாடநூல் எல்லாமே இங்கிலீஷ்லதானே இருக்கு?' என்பார்கள். தமிழில் அதிகம் பேர் எழுதவில்லை, அதனால் குறைவு. ஆரம்பத்துக்கு ஐந்நூறு வாக்கியங்கள் போதும்: வாடகை, காய்ச்சல், தவறவிட்ட ரயில், பிடிக்காத சாம்பார். மேலே ஸ்பானிஷ், கீழே தாம்பரத்துத் தமிழ். ஸ்பானிஷ் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு மழைக்காலத்துக்குள் முடிகிற வேலை.